சுண்டெலிகளுக்குச் சுகம் வந்தது

சிவமயம்
மானிப்பாய்
17.2.1991

அன்புத் தம்பி சீவரத்தினத்துக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் அங்கே தபாலில் சேர்ப்பார். எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. அதனால் ஊர்ச் செய்தி, புதினம் எதுவும் எழுதவில்லை. ஒரே ஒரு விசயம்தான்.

முகுந்தனுக்கு வருகிற சித்திரையோடு ஏழு வயது முடிகிறது. நீ இலண்டனுக்கு வெளிக்கிட்டபோது அவன் ஏணைத் தொட்டிலில் கிடந்தான். போன வருடம் முழுக்க விழுந்து விழுந்து எழும்பினான். தமக்கை சுபத்திரா ஓடினால் பின்னால் ஓட முடியாமல் நின்று அழுவான். ஆனால் கெண்டைக்கால் மட்டும் நல்ல திரட்சி. இவர் அதைப் பார்த்து, "உது தோட்டத்திலை மண்வெட்டி பிடிக்கப் பிறந்த பெடியன்ரை கால்" என்று சந்தோசப்பட்டார். ஆனால் எனக்கு அந்தக் காலை முன்பே தெரியும்.

போன கிழமை அவன் நிலத்திலிருந்து எழும்புவதைப் பார்த்தேன். முதலில் கைகளை ஊன்றினான். பிறகு முழங்காலைப் பிடித்தான். பிறகு தொடையைப் பிடித்துத் தன் உடம்பில் தானே ஏறுவதுபோல ஏறி நிமிர்ந்தான். எங்கள் குலமண்ணையும் அப்படித்தானே எழும்புவார்? சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டொக்டர் நல்ல மனிதர். "உங்கடை தாய்வழியிலை ஆம்பிளைப் பிள்ளையள் ஆருக்கும் உப்பிடி இருந்ததோ?" என்று கேட்டார். "என்ரை தமையன் ஒராள் பத்து வயதிலை நடை விட்டு, பதினெட்டிலை செத்துப்போனார்" என்றேன். எழுதினார். "வேறை பிள்ளையள்?" "ஒரு பொம்பிளைப் பிள்ளை, மூத்தது." "சரி" என்றார். அந்தச் "சரி"யை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தசை வருத்தம் ஒன்றுக்காக எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் இடத்தில் உனக்கு வேலை என்று முன்பு எழுதியிருந்தாய். அது இந்த வருத்தம்தானா? மருந்து இருக்கிறதா? குலமண்ணைக்கு வந்தது என் பிள்ளைக்கு ஏன் வந்தது? எனக்கு எதையும் மறைக்காமல் எழுது.

அக்கா,
இராசமலர்


இலண்டன்
9.6.1991

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமைதான் கிடைத்தது. ஐந்து தரம் பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள்.

அதே வருத்தம்தான். மருந்து இல்லை, அக்கா. இங்கும் இல்லை, எங்கும் இல்லை. தசையின் உயிர்க்கலங்கள் கிழியாமல் காக்கும் ஒரு புரதம் அந்தப் பிள்ளைகளின் உடம்பில் உருவாவதில்லை. அதை உருவாக்கும் பரம்பரை அலகில் பழுது. நாலு வருடத்துக்கு முன்புதான் அந்த அலகையே கண்டுபிடித்தார்கள். அதே பழுதுள்ள ஒரு வகைச் சுண்டெலி எங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. நான் முதலில் அவற்றின் கூடுகளைக் கழுவும் வேலைக்குத்தான் வந்தேன். இப்போது ஊசி போடும் மேசையில் இருக்கிறேன். குலமண்ணையை நினைத்துத்தான் இங்கே வேலை கேட்டேன்.

குலமண்ணைக்கு வந்தது முகுந்தனுக்கு ஏன் வந்தது என்று கேட்டீர்கள். இது தாய்வழியாக வரும் வருத்தம். அம்மாவிடம் இருந்தது. உங்களிடம் இருக்கிறது. பெண்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும். நான் தப்பினேன். அண்ணை தப்பவில்லை. சுபத்திராவிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டொக்டரின் "சரி" அதுதான்.

இதோடு நிறுத்தினால் நான் மறுபடியும் மறைத்தவனாவேன். அக்கா, எனக்கு இது 1981 இலேயே தெரியும். வைகாசி மாதம். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் வகுப்பு. விரிவுரையாளர் கரும்பலகையில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமுமாக ஒரு குடும்பத்தை வரைந்து, கோடு கீறிக் காட்டினார். அது எங்கள் வீடு. வட்டங்களில் ஒன்று நீங்கள். அந்த வெள்ளிக்கிழமை உங்களிடம் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன். கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. நீங்கள் சேலையை விரித்துப் போட்டு, "நிறம் எப்பிடியடா?" என்று கேட்டீர்கள். "வடிவாயிருக்கு, அக்கா" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சம்பந்தம் குழம்பிவிடும், ஊர் கதைக்கும், வராமலும் போகலாம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி


மானிப்பாய்
2.10.1991

சீவரத்தினத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இவருக்கு வாசித்துக் காட்டவில்லை. இவரின் தாய் இந்தப் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாகப் போய் வருகிறா. எங்கள் பக்கத்து இரத்தம்தான் காரணம் என்று நான் எந்த வாயால் சொல்லுவேன்?

பத்து வருடம். நான் கலியாணம் செய்தபோதும் பேசாமல் இருந்தாய். சுபத்திராவைச் சுமந்தபோதும் பேசவில்லை. முகுந்தன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, "பெடியன், அக்கா! பெடியன்!" என்று எனக்குச் சொன்னவன் நீ. உன் முகம் வெளிறியிருந்தது. நித்திரை இல்லாத முகம் என்று நினைத்தேன்.

என்னிடம் கேட்டிருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பேனோ எனக்கே தெரியாது. ஆனால் அது என் முடிவாக இருந்திருக்கும்.

இனி எழுதாதே.

இராசமலர்


இலண்டன்
20.4.1992

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

இங்கே என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பெண் சுண்டெலிகளை ஆணோடு சேர்த்து, மறுநாள் காலை அவற்றைக் கொன்று, கருக்கட்டிய முட்டைகளை எடுக்கிறோம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கலம். கண்ணுக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, ஒரு பக்கம் கண்ணாடிக் குழாயால் மெல்ல உறிஞ்சிப் பிடிப்பேன். மறுபக்கம் மயிரை விட மெல்லிய கண்ணாடி ஊசி. அதற்குள் பழுதில்லாத பரம்பரை அலகின் பிரதி. ஊசி கருவுக்குள் போனால் கரு இலேசாக வீங்கும். அதுதான் அடையாளம். பெரும்பாலும் வெடித்துவிடும்.

மிஞ்சுகிற முட்டைகளை வேறொரு பெண் எலியின் வயிற்றில் வைக்கிறோம். பத்தொன்பது நாளில் குட்டி. மூன்று கிழமையில் வால் நுனியில் துளி வெட்டி, அலகு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். நூறு முட்டைக்கு ஊசி போட்டால் இரண்டு மூன்று குட்டிகளில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாதவற்றைக் கொல்வதும் என் வேலை. போன மாதம் நூற்று எண்பது.

இதில் ஒரு கொடுமை உண்டு. அந்தப் பழுதுள்ள சுண்டெலி எங்கள் பிள்ளைகளைப் போல விழுவதில்லை. ஓடித் திரிகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசைதான் அதற்கு மெல்ல நலிகிறது. குலமண்ணை பட்டது எதையும் அது படவில்லை.

முகுந்தன் எப்படி இருக்கிறான்? ஒரு வரி போதும்.

தம்பி


இலண்டன்
14.5.1993

அன்புள்ள அக்கா,

அக்கா, நடந்துவிட்டது! ஊசி போட்டுப் பிறந்த ஒரு ஆண் குட்டியை, பழுதுள்ள பெண் எலிகளோடு சேர்த்தோம். அவற்றின் குட்டிகள் சிலவற்றில் அந்தப் புரதம் இருக்கிறது. தசையை மெல்லிய துண்டாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒவ்வொரு நாரைச் சுற்றியும் வளையம் பிடித்ததுபோல ஒளிர்ந்தது. பழுதுள்ள எலியில் அதே இடம் இருட்டு. மூச்சுத் தசையும் நல்ல எலியின் தசையைப் போலவே இருக்கிறது. சுகம் வந்துவிட்டது. பாதியாக அல்ல, முழுதாக.

எங்கள் பேராசிரியர் அழுதார். நான் கழிவறைக்குள் போய் நின்று குலமண்ணையின் பேரைச் சொன்னேன்.

இது சாத்தியம் என்று தெரிந்துவிட்டது, அக்கா. இனி வழி பிறக்கும். ஐந்து வருடமோ, அதற்கும் குறைவோ. முகுந்தனை எப்படியாவது பத்திரமாக வைத்திருங்கள். அவன் இங்கே என் பக்கத்தில் இருந்தால் முதல் ஆளாகக் காட்டலாம்.

தம்பி


மானிப்பாய்
30.8.1993

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு இவரைக் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். என் வழியால் வந்தது என்பதையும். நீ அறிந்திருந்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. இவர், "எலிக்குச் சுகம் வந்தது மெய்தானே? அதைச் சொல்லு" என்றார்.

முகுந்தன் வைகாசியோடு நடை விட்டுவிட்டான். இவர்தான் தூக்கிச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறார். உன் கடிதத்தை அவனுக்கும் வாசித்தேன். "மாமா எனக்கும் ஊசி போடுவாரோ? நோகுமோ?" என்று கேட்டான். "அந்த எலிக்கு என்ன பேர்?" என்றும் கேட்டான். பேர் இருக்காது என்றேன். "சுகப்படுத்தின எலிக்குப் பேர் வையாமல் என்ன மாமா" என்றான். வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். மூன்று வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புக் கேட்கிறது, தம்பி. உன்மேல் எனக்கிருந்த கோபம் தீரவில்லை. ஆனால் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டேன்.

இவர் ஒரு முடிவெடுத்திருக்கிறார். முகுந்தனைக் கிளாலியால் கடல்நீரேரி கடந்து கொழும்புக்குக் கொண்டுபோவது. அங்கிருந்து உன்னிடம் அனுப்ப வழி பார்ப்பது. படகுப் பயணம் பயம்தான். சூடு விழுகிறது, ஆட்கள் சாகிறார்கள். "இஞ்சை வைச்சிருந்தாலும் சாவு, ஏழெட்டு வருசத்திலை. அங்கை ஒரு வழி இருக்கெல்லே?" என்கிறார் இவர். மழைக்கு முன்போ பின்போ வெளிக்கிடுவோம். நீ அங்கே செய்யவேண்டியதைச் செய்.

அக்கா


இலண்டன்
26.10.1993

அக்கா,

வெளிக்கிடவேண்டாம். அத்தானிடம் உடனே சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை மூன்று பேரிடம் மூன்று பிரதியாகக் கொடுத்துவிடுகிறேன். ஒன்றாவது வந்து சேரட்டும்.

நான் மே மாதம் எழுதியது பிழை. பொய் என்றே சொல்லுங்கள். அந்தச் சந்தோசத்தில், உங்களிடமிருந்து ஒரு பதில் வரவேண்டும் என்ற ஆசையில் எழுதிவிட்டேன். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

நாங்கள் சுகப்படுத்திய எலி எதுவும் வருத்தத்தோடு இருந்து சுகம் வந்த எலி அல்ல. அவை பிறக்கும்போதே அந்த அலகோடு பிறந்தவை. ஒரே ஒரு கலமாக இருந்த நாளில் வைத்ததால்தான் அது பெருகிப் பெருகி எல்லாத் தசைக்கும் போனது. பிறந்துவிட்ட ஒரு பிள்ளையின் உடம்பில் கோடி கோடி கலங்கள். ஒவ்வொன்றுக்கும் அதைக் கொண்டுபோக இன்று எவருக்கும் வழி தெரியாது. மனிதக் கருவில் இதைச் செய்ய எவரும் விடவும் மாட்டார்கள். செய்தாலும் அது முகுந்தனாக இருக்காது. ஐந்து வருடத்தில் வரும் என்று நான் எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பழுதோடு பிறந்த எலிகளுக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை, அக்கா. அவை பக்கத்துக் கூட்டில் அப்படியே இருக்கின்றன.

இங்கே கொண்டுவந்தாலும் அவனுக்கு நல்ல சக்கரக் கதிரையும் நல்ல டொக்டரும் கிடைக்கும். அதற்கு மேல் இல்லை. அதற்காக அந்தப் படகில் ஏற்றவேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

தம்பி


மானிப்பாய்
9.1.1994

சீவரத்தினத்துக்கு,

உன் ஐப்பசிக் கடிதம் சேர்ந்தது. ஜனவரி நாலாம் தேதி கொண்டுவந்து தந்தார்கள். அன்று இவருடைய அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள். வீடு நிறைய ஆட்கள். நான் அடுப்படிக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

டிசம்பர் ஐந்தாம் தேதி விடியமுன் படகில் ஏறினோம். ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிய படகுகள். எங்கள் படகில் இருபத்தொரு பேர். சுபத்திராவை இவரின் தாயோடு விட்டுவிட்டு வந்திருந்தோம். முகுந்தனால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. அதனால் இவர் அவனைப் படகின் அடியில் சாக்குக்கு மேல் கிடத்திவிட்டு, அவனுக்கு மேலே குனிந்து இருந்தார். நடு நீரில் சூடு விழுந்தது. எங்கிருந்து என்று தெரியாது. பிறகு சத்தம் நின்றது. இவர் குனிந்தபடியே இருந்தார். "அப்பா, பாரமாயிருக்கு, எழும்புங்கோ" என்று முகுந்தன் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் படகில் ஏழு பேர் முடிந்துபோனார்கள். நிமிர்ந்து இருக்க முடிந்தவர்கள். கிடந்தவன் தப்பிவிட்டான்.

திரும்பி வந்துவிட்டோம். வேறெங்கே போவது?

முகுந்தன் கேட்கிறான், "இனி ஆர் என்னை மாமாட்டைக் கொண்டுபோறது?" என்று. உன் கடிதத்தில் இருந்ததை அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது நானும் உன்னைப்போலத்தான். வாய் வரவில்லை. அது எப்படி வராமல் போகும் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. விளங்குகிறதே தவிர, மன்னிக்க முடியவில்லை.

இராசமலர்


இலண்டன்
11.3.1995

அன்புள்ள அக்கா,

ஒரு வருடமாக எழுதிய எதையும் அனுப்பவில்லை. இதை அனுப்புகிறேன்.

யுத்தம் நின்றிருக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். எனக்கு இங்கே அகதிக் கடவுச்சீட்டு. இலங்கைக்கு மட்டும் செல்லாது என்று அதில் அடித்திருக்கிறது. வந்தாலும் உங்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

வேலையை விடவில்லை. விட்டால் கொஞ்சமாவது நியாயமாக இருக்கும் என்று நினைத்தேன். விலகல் கடிதமும் கொடுத்தேன். பிறகு திரும்ப வாங்கிவிட்டேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அத்தானின் படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள்.

தம்பி


மீசாலை
10.12.1995

சீவரத்தினத்துக்கு,

நாங்கள் இப்போது மானிப்பாயில் இல்லை. யாழ்ப்பாணத்தில் எவரும் இல்லை. ஒக்டோபர் முப்பதாம் தேதி பின்னேரம், ஆமி வருகிறது என்று ஒலிபெருக்கி கட்டி எல்லோரையும் தென்மராட்சிக்குப் போகச் சொன்னார்கள். நீ செய்தியில் பார்த்திருப்பாய்.

மாமியார் இதற்கு முதலே கண்ணை மூடிவிட்டா. நல்லகாலம். நாங்கள் மூன்று பேர்தான். முகுந்தனை இவரின் சைக்கிளில் இருத்தினோம். இடுப்பு நிற்காது. இவரின் வேட்டி இரண்டைக் கிழித்து, ஆசனத்தோடும் என் தோளோடும் சேர்த்துக் கட்டினேன். சுபத்திரா கைபிடியைப் பிடித்துத் தள்ளினாள். மழை. நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஒரே சனம். ஓர் அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்கவேண்டும். மறுநாள் வெளிச்சம் வந்தபோதும் நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்.

முகுந்தன் சொன்னான், "அம்மா, என்னை உந்த மதிலோடை இறக்கி விட்டுட்டுப் போங்கோ. நீங்கள் கெதியாப் போகலாம்." நான் அழுதேன். சுபத்திரா அழவில்லை. "வாயை மூடிக்கொண்டு இரு. ஆடினால் சைக்கிள் சரிஞ்சிடும்" என்றாள்.

மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இடம் கிடைத்தது. ஒன்பது குடும்பம். மூன்றாம் நாள் அவனுக்குச் சளி கட்டியது. மருந்து கொடுத்தார்கள். உள்ள மருந்தைக் கொடுத்தார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் சளியை அவனால் இருமித் துப்ப முடியவில்லை. இருமுவதற்கும் தசை வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நவம்பர் பதினேழாம் தேதி காலையில், ஆட்கள் தேத்தண்ணிக்கு வரிசையில் நின்ற நேரம், போய்விட்டான். பதினொரு வயது.

அவன் கடைசி வரைக்கும் உன்னிடம் வருவதாகத்தான் இருந்தான். நான் சொல்லவேயில்லை.

அதன் பிறகு ஒன்று செய்தேன். சுபத்திரா ஆடி மாதம் பெரியபிள்ளையானவள். பதின்மூன்று வயது. தம்பியின் எட்டாம் நாள் காரியம், எட்டுச் செலவு, முடிந்து மூன்றாம் நாள், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல நாள் வரட்டும் என்று வைத்திருந்தால் நானும் சொல்லாமலே செத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. மாமன், தம்பி, நான், அவள். கல்லில் சவர்க்காரத் துண்டால் வட்டமும் சதுரமும் கீறிக் காட்டினேன்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப என்னட்டையும் இருக்கோ?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மாமா."

"மாமாவுக்கு எப்ப தெரியும்?"

சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? அவள் விரலில் வருடங்களை எண்ணினாள்.

"உங்கடை கலியாணத்துக்கு முந்தி?"

"ஓம்."

"அவர் சொல்லியிருந்தால் கலியாணம் நடந்திருக்காது. தம்பியும் இல்லை, நானும் இல்லை. அப்பாவும் உயிரோடை இருப்பார்."

தோய்த்த உடுப்பைப் பிழிந்துகொண்டே அவள் கேட்டாள், "அவர் சொல்லாமல் விட்டது நல்லதோ கூடாதோ, அம்மா?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. நாலு வருடமாக உன்னைத் திட்டியிருக்கிறேன். இந்தப் பிள்ளை முன்னால் நின்று கேட்கும்போது, "கூடாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை. "நல்லது" என்றும் சொல்ல முடியவில்லை, சீவா. மகனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

"அப்ப அவரையே கேட்டு எழுதுங்கோ" என்றாள்.

கேட்டுவிட்டேன். எனக்குப் பதில் எழுதவேண்டாம். அவள் பேருக்கு எழுது. தமிழில், விளங்கும்படி எழுது. ஆறுதல் ஒன்றும் எழுதாதே.

இராசமலர்

விலாசம்: செல்வி சுபத்திரா, ஏழாம் வகுப்பறை, மீசாலை. எங்களை இங்கேயும் கனநாள் வைத்திருக்கமாட்டார்கள் என்கிறார்கள்.